தெற்காசிய அரசியல், பாதுகாப்பு, பண்பாடு: பழைய புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டிய பக்கம்

கேள்வி இதுதான்: தெற்காசியாவின் பண்பாடு, அரசியல், நாடுகளுக்கிடையிலான பாதுகாப்பு பற்றிய நூல்களைப் பழைய புத்தகமாக வாங்கிச் சிறிய நூலகம் ஒன்று சேர்க்க வேண்டும். கையில் 5,000 ரூபாய். எதைப் பார்த்து வாங்குவது, எங்கே ஏமாறுவோம், வாங்கியதை எப்படிக் காப்பது?

நாவல் எந்த ஆண்டு அச்சானாலும் கதை மாறாது. பாகிஸ்தான் ராணுவம் பற்றியோ இந்திய அணுக்கொள்கை பற்றியோ எழுதிய புத்தகம் அப்படியல்ல. 1998 மே மாத அணுச் சோதனைகளுக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா என்பதிலேயே அதன் பாதிப் பொருள் அடங்கியிருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு முன் இலங்கை பற்றி எழுதியவரும், 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை திரும்பிய பின் எழுதியவரும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்வார்கள். அதனால் கடையில் புத்தகத்தை எடுத்ததும் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். பதிப்புரிமை, பதிப்பு, அச்சு, ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் அடையாள எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அங்கே 'மறுபதிப்பு' என்றும் 'மறுஅச்சு' என்றும் இரண்டு வகை இருக்கும். தமிழில் பல பதிப்பகங்கள் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பும். மறுஅச்சு என்றால் அதே பக்கங்களைத் திரும்ப ஓட்டியது. மறுபதிப்பு, அதாவது திருத்திய பதிப்பு என்றால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு வரி எண்கள் இருந்தால், மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1, 2, 3 மூன்றும் இல்லாமல் 4 கடைசியாக நின்றால் நான்காவது அச்சு.

இது ஏன் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால்: ஜார்ஜ் பெர்கோவிச் எழுதிய இந்திய அணுகுண்டு வரலாறு 1999இல் வந்தது, 2001 பதிப்பில் புதிய பின்னுரை சேர்ந்தது. அகமது ரஷீத் தாலிபான் பற்றி எழுதியது 2000இல் வந்து, 2010இல் இரண்டாம் பதிப்பாக விரிந்தது. ஸ்டீபன் கோஹன் பாகிஸ்தான் ராணுவத்தைப் பற்றி 1984இல் எழுதியதற்கு 1998இல் கராச்சிப் பதிப்பு வந்தது. படிப்பதற்காக வாங்குகிறவருக்குப் பிந்தைய பதிப்பு போதும், விலையும் குறைவு. அந்தந்தக் காலத்தில் என்ன நினைத்தார்கள் என்று ஆராய்கிறவருக்கு முதல் பதிப்பு வேண்டும். நீங்கள் இந்த இருவரில் யார் என்பதை வாங்கப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே புத்தகத்தை இரண்டு முறை வாங்குவீர்கள்.

ஐ.எஸ்.பி.என். எண் எந்த நாட்டுப் பதிப்பு என்று சொல்லிவிடும். 978க்கு அடுத்து 81 அல்லது 93 என்றால் இந்தியா, 969 பாகிஸ்தான், 955 அல்லது 624 இலங்கை, 984 வங்கதேசம், 9937 நேபாளம். 2007க்கு முந்தைய புத்தகங்களில் பெரும்பாலும் 10 இலக்கம்தான் இருக்கும், 978 இருக்காது. கடைசி இலக்கம் 'எக்ஸ்' என்று இருந்தால் அச்சுப்பிழை அல்ல. அது 10 என்ற மதிப்பைக் குறிக்கும் சரிபார்ப்பு எழுத்து. பழைய எண்ணை இன்றைய பட்டியலில் தேடும்போது முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது, கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறும். அதனால் 10 இலக்கத்தை அப்படியே தேடுவது நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பெரிய பதிப்பகங்களில் நாட்டுக் குறியீட்டுக்குப் பதில் ஆங்கில மொழிக்கான 0-வும் பதிப்பகத்தின் எண்ணும் முன்னால் வரும்: பொதுவாக 0-19-56 என்று தொடங்கினால் டெல்லிக் கிளை, 0-19-577 அல்லது 0-19-579 என்றால் கராச்சிக் கிளை. ஒரே நூலின் இரண்டு பதிப்புகளில் முன்னுரை வேறாக இருக்கலாம், வரைபடம் வேறாக இருக்கலாம். பட்டியலில் தலைப்பை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

1970க்கு முந்தைய புத்தகங்களிலும், பிற்காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் பலவற்றிலும் ஐ.எஸ்.பி.என். கிடையாது. ஆண்டு கூடப் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது துப்பறிய வேண்டியதுதான். அச்சக முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் 1969க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சிலோன்' என்பது அரசு வெளியீட்டில் இருந்தால் 1972 மே மாதத்துக்கு முன். ஆங்கில முகவரியில் பம்பாய் மும்பையானது 1995, மதராஸ் சென்னையானது 1996, கல்கத்தா கொல்கத்தாவானது 2001. டாக்காவின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியது 1982. ஓரியண்ட் லாங்மன் என்ற பெயர் ஓரியண்ட் பிளாக்ஸ்வான் ஆனது 2008. தனியார் பதிப்பகங்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டே ஓட்டுவதும் உண்டு, ஆகவே ஒற்றைச் சான்றை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

தமிழ்ப் பிரசுரம் என்றால் எழுத்தே சாட்சி சொல்லும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. 'லை', 'னை', 'ணை', 'ளை' ஆகியவற்றின் முன்னால் யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு, 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழிந்த வடிவம் - இவை இருந்தால் பழைய அச்சுக்கோப்பு. ஆனால் ஈய எழுத்துகளைப் பணம் போட்டு வாங்கிய சிறு அச்சகங்கள் ஆணை வந்த மறுநாளே அவற்றைத் தூக்கிப் போடவில்லை. இலங்கை அச்சகங்களை அந்த ஆணை கட்டுப்படுத்தவும் இல்லை. எனவே பழைய எழுத்து இருப்பது 1978க்கு முந்தையது என்பதற்கு உறுதியான சான்று ஆகாது. தமிழகத்தில் அச்சான புத்தகத்தில் புதிய எழுத்தோடு '1965' என்று ஆண்டு போட்டிருந்தால் மட்டும் நிச்சயம் நின்று யோசியுங்கள்: பெரியாரின் இதழ்கள் 1930களிலிருந்தே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தின. அந்த வட்டாரத்து வெளியீடாக இல்லையென்றால், அது பிற்கால மறுஅச்சு.

பண்பாட்டுப் புத்தகங்களில் வரும் பொறி வேறு. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தவை. டெல்லியின் ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் போன்ற பதிப்பகங்கள் இத்தகைய காலனியக் கால நூல்களை அசலைப் படம் பிடித்து அப்படியே மறுஅச்சிட்டன. தலைப்புப் பக்கத்தில் 'மதராஸ், அரசு அச்சகம், 1909' என்றே இருக்கும், ஏனென்றால் அதுவும் படம்தான். புரட்டினால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மறுஅச்சு ஆண்டும் 81 என்று தொடங்கும் எண்ணும் நிற்கும். அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டு, அல்லது அது இருப்பதையே கவனிக்காமல், '1909 ஒரிஜினல் சார்' என்று தலையில் கட்டுவார்கள். அசலில் எழுத்து தாளில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். பக்கத்தின் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டும். படம் பிடித்த மறுஅச்சில் தாள் வழவழவென்று இருக்கும், எழுத்தின் ஓரம் கொஞ்சம் மொத்தமாக இருக்கும், படங்கள் கரிப்பூச்சாகக் கறுத்திருக்கும். இதே மறுஅச்சு படிப்பதற்கு உத்தமமானது, நல்ல பைண்டிங். குறை சொல்லவில்லை, மறுஅச்சு விலைக்கு வாங்குங்கள் என்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பழைய வருடல் (ஸ்கேன்) கோப்பை அச்சிட்டு ஆர்டருக்கு அனுப்பும் மறுஅச்சுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வருடியவர் மடிப்பு வரைபடத்தை விரிக்காமலே வருடியிருப்பார். மடித்த தாளின் முதுகுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

வரைபடம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. இந்தியாவுக்கு இறக்குமதியான வெளிநாட்டுப் புத்தகங்களில் ஜம்மு-காஷ்மீர் எல்லை இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாவிட்டால், இந்தியாவின் வெளி எல்லைகள் சரியானவையோ அதிகாரபூர்வமானவையோ அல்ல என்று ஆங்கிலத்தில் ரப்பர் முத்திரை குத்துவார்கள். பெரும்பாலும் ஊதா மை, சில சமயம் கறுப்பு, அவசரத்தில் குத்தியதால் கோணலாக, பாதி எழுத்து பக்கத்துக்கு வெளியே. இதைப் பார்த்து 'யாரோ கிறுக்கிவிட்டார்கள்' என்று விலை குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரதி எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்பதற்கு அது அத்தாட்சி. எல்லையைத் தவறாகக் காட்டும் வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதால் விற்பனையாளர்கள் இதில் எச்சரிக்கையாக இருந்தார்கள். முத்திரை குத்துவதோடு நிற்காமல் வரைபடத் தாளையே வெட்டி எடுத்த பிரதிகளும் உண்டு. அதுதான் உண்மையான குறை. கண்டுபிடிக்க வழி எளிது. பொருளடக்கத்துக்கு அடுத்து 'வரைபடங்கள்' என்ற பட்டியல் இருக்கும். அதில் சொன்ன ஒவ்வொன்றையும் பக்கம் திருப்பி எண்ணுங்கள். பக்கங்கள் சேரும் முதுகுப்புற இடுக்கில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தாள் நறுக்கு துருத்திக்கொண்டிருந்தால் அங்கே ஏதோ போய்விட்டது.

அதே நேரத்தில் பாரங்களையும் பார்த்துவிடுங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாக மடித்துத் தைக்கப்படுகிறது. பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டால் 32க்கு அடுத்து 49 வரும். இரண்டு முறை விழுந்தால் 48க்குப் பிறகு மறுபடி 33. முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை; 16, 32, 48, 64 என்று பாரம் முடியும் இடங்களை மட்டும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடியும். முன்னுரைப் பக்கங்கள் ரோமன் எண்ணில் இருந்தால் கணக்கு சற்றுத் தள்ளி வரும், ஆனால் இடைவெளி 16தான். கடைசியாகச் சொல்லடைவு (இண்டெக்ஸ்). பாதுகாப்புத் துறைப் புத்தகத்துக்குச் சொல்லடைவு இல்லாவிட்டால் பாதி உபயோகம் போச்சு. கடைசிப் பக்கங்கள் என்பதால் முதலில் உதிர்வதும் அதுதான்.

நடைபாதையில் விற்கும் புதுப் புத்தகம் போன்ற 'பழைய' புத்தகத்தில் திருட்டு அச்சு அதிகம். பிரபலமான அரசியல் தன்வரலாறுகளில்தான் இது நடக்கும். யாரும் வாங்காத ஆய்வு நூலைத் திருடி அச்சிட மாட்டார்கள். படத் தாள்களைப் பாருங்கள். அசலில் நடுவில் 8 அல்லது 16 பக்கம் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் புகைப்படங்கள் இருக்கும். திருட்டு அச்சில் அவை சாதாரணத் தாளில் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. டாக்காவின் நீல்கேத் சந்தையில் முழுப் புத்தகத்தையே நகலெடுத்து பைண்டு செய்து விற்பது பல காலமாக நடக்கிறது. அதை நகல் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். பிரச்சினை அது கை மாறி ஊர் மாறிப் 'பழைய புத்தகம்' ஆகும்போதுதான்.

இப்போது 5,000 ரூபாய். முதலில் எதற்குச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளில் பெரும்பாலானவை அவர்கள் தளத்தில் இலவசம். 1971 போர் பற்றிய அமெரிக்க வெளியுறவு ஆவணத் தொகுதி இலவசம். பிரிட்டிஷ் கால விவரத் தொகுப்பான இம்பீரியல் கெசட்டியரின் 26 தொகுதிகளும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் இருக்கின்றன. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் முழுதாக உள்ளன. இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற இணையதளம், தமிழகத்தினுடையவற்றுக்குத் தமிழ் மின்நூலகம். இவற்றை அலமாரி அழகுக்காக வாங்குவது உங்கள் விருப்பம். படிப்பதற்காக என்றால் அந்தப் பணத்தை வேறு பக்கம் திருப்புங்கள்.

திருப்ப வேண்டிய இடம், என் கணிப்பில், மூன்று. ஒன்று, ஆண்டுதோறும் வரும் வெளியீடுகளின் பழைய இதழ்கள். நாடுகளின் படைபலத்தைக் கணக்கிட்டு லண்டன் ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எஸ்.எஸ். 1959 முதல் வெளியிடும் 'மிலிட்டரி பேலன்ஸ்', ஸ்டாக்ஹோமின் சிப்ரி அமைதி ஆய்வு நிறுவனத்தின் ஆண்டு நூல் ஆகியவை புதிதாக வாங்கினால் தலை சுற்றும் விலை. பத்து ஆண்டு பழசானால் கடைக்காரருக்கு அது காலாவதியான பஞ்சாங்கம், எடைக்குப் போட்டதை அடிமாட்டு விலைக்குத் தருவார். உங்களுக்கு வேண்டியதும் அந்தப் பழைய ஆண்டின் கணக்குதான். ஒரு எச்சரிக்கை: இரண்டு ஆண்டுகளின் எண்களை அருகருகே வைத்து 'டாங்கிகள் இவ்வளவு கூடின' என்று சொல்லிவிடாதீர்கள். தொகுத்தவர்கள் தங்கள் மதிப்பீட்டைத் திருத்தினாலும் எண் மாறும். முன்குறிப்பைப் படித்த பிறகே ஒப்பிட வேண்டும். ஐ.ஐ.எஸ்.எஸ். 1960களிலிருந்து வெளியிட்ட மெல்லிய 'அடெல்பி பேப்பர்ஸ்' கண்ணில் பட்டால் விடாதீர்கள். தெற்காசியா பற்றியவை தனித் தனிக் கையேடுகளாகக் கட்டுக்கு நடுவில் ஒளிந்திருக்கும்; முதுகில் தலைப்பு இருக்காது என்பதால் கட்டைப் பிரித்துத்தான் தேட வேண்டும்.

இரண்டு, பதவியில் இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகள். 1962 சீனப் போர் பற்றிய ராணுவ விசாரணையான ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை இந்திய அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் போட்டார். அறிக்கை பூட்டிக் கிடந்ததால், களத்தில் இருந்த ஜெனரல் பி.எம். கவுல் 1967இலும், பிரிகேடியர் ஜே.பி. தால்வி 1969இலும் எழுதியவைதான் நீண்ட காலம் பேசப்பட்டன. இருவரும் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல எழுதியவர்கள். ஒருவரை மட்டும் வாங்கினால் வழக்கில் ஒரு தரப்பு வக்கீலை மட்டும் கேட்டது போலாகும்; இணையாக வாங்குங்கள். இந்திய அமைதிப்படைக்கும் இதே விதி: தளபதிகள் எழுதியது, கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் எழுதியது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதித் தமிழில் 'முறிந்த பனை' என்று வந்தது - இந்த மூன்று கோணமும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுப் புத்தகமாகவும் வந்தது. பாதுகாப்புக் கருதி நீக்கிய பகுதிகள் விற்பனைக்கு வந்த எந்தப் பிரதியிலும் இல்லை. 'இது முழுசு' என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மூன்று, பண்பாட்டுக்கு: 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம ஆய்வு நூல்களும் கைத்தொழில் ஆய்வுகளும். ஒரு கிராமத்தின் வீடு, உணவு, திருவிழா, கடன், நெசவு என்று எல்லாம் அட்டவணையும் படமுமாக இருக்கும். வறண்ட அரசாங்க அட்டை போட்டிருப்பதால் யாரும் சீந்த மாட்டார்கள். பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு எடை கிடைத்த காலம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.

விலை பேசும்போது: அட்டையில் அச்சிட்ட விலை ரூபாயில் இருந்தால் அதில் பாதிக்கு மேல் நடைபாதையில் கொடுக்க வேண்டியதில்லை, அச்சில் இல்லாத நூலாக இருந்தாலொழிய. டாலரிலோ பவுண்டிலோ விலை போட்ட பல்கலைக்கழக நூலைக் கடைக்காரர் இன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கிச் சொல்வார். அதே நூலுக்கு 'இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கையில் மட்டும் விற்பனைக்கு' என்று குறித்த மலிவுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று கைபேசியில் பாருங்கள். வந்திருந்தால் அந்த விலைதான் அளவுகோல்.

சென்னையில் பாரதி சாலை நடைபாதைக் கடைகள், 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டின் வியாபாரிகள் இடம்பெயர்ந்த அல்லிக்குளம் வளாகம், ஜனவரிப் புத்தகக் காட்சி சமயத்தில் நந்தனம் நடைபாதை ஆகியவற்றில் பாடப் புத்தகமும் நாவலும்தான் அதிகம். நம் துறை நூல் பத்துக்கு ஒன்று. டெல்லிதான் சுரங்கம்: அமைச்சகங்கள், தூதரகங்கள், ஆய்வு நிறுவனங்கள் அங்கே என்பதால் ஓய்வு பெற்றவர்களின் வீட்டு நூலகம் அங்கேதான் சந்தைக்கு வரும். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை 2019இல் ஆசஃப் அலி சாலையின் மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது, பழைய இடத்துக்குப் போய் ஏமாற வேண்டாம். கொல்கத்தா கல்லூரித் தெருவில் வங்கதேச வெளியீடுகளும் இடதுசாரி வெளியீடுகளும். கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரக் கடைகள். பாகிஸ்தான் பதிப்புகளை நேரடியாக வரவழைக்கும் வழி இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2025 மே மாதத்தில் அடைபட்டது. இறக்குமதித் தடையும் அஞ்சல் நிறுத்தமும் ஒன்றாக வந்தன. கராச்சி, லாகூர் பதிப்பு வேண்டுமானால் ஏற்கெனவே இங்கே இருக்கும் பிரதியைத் தேடுங்கள்.

அமெரிக்க நூலகங்கள் கழித்த பிரதிகளை இணையத்தில் வாங்குவோர் உண்டு. 1962 முதல் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழ் இந்திய நூல்கள் ஏராளமாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. இங்கே செல்லரித்துப்போன சிறு பதிப்பக நூல், அங்கே குளிரூட்டிய அடுக்கில் பத்திரமாக இருந்து, இப்போது திரும்பி வருகிறது. அட்டை உள்பக்கம் அட்டைப்பை, முதுகில் எண் சீட்டு, ஓரமெல்லாம் முத்திரை இருக்கும். 'கழிக்கப்பட்டது' என்ற பொருளில் 'வித்ட்ரான்' முத்திரை இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். உள்ளூர் நூலக முத்திரை இருந்து, கழித்த முத்திரை இல்லையென்றால் அது யாரோ சுட்டுக்கொண்டு வந்தது. நூலகத்தில் மறு பைண்டு செய்த பிரதியில் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். உள் ஓரம் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விரித்துப் படிக்க முடியாது, விரித்தால் முதுகு உடையும்.

இணையத்தில் 'குட்' என்று நிலை போட்டிருந்தால் நல்ல பிரதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய புத்தக வணிகத்தில் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்ற வரிசையில் 'குட்' என்பது நன்றாக அடிபட்ட, ஆனால் பக்கம் குறையாத பிரதி. ஐந்து படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு, ஏதாவது ஒரு வரைபடம், சொல்லடைவின் கடைசிப் பக்கம். அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

உள்நாட்டில் வரவழைக்க, அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை மலிவு; தொடங்கியபோது கட்டணம் 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாக வருவதால் பொறுமை வேண்டும். பருவ இதழ்களை இதில் அனுப்ப முடியாது, எனவே பழைய சஞ்சிகைக் கட்டுக்கு வேறு வழி பாருங்கள். முதலில் பாலித்தீன் உறை, அதன்மேல் புத்தகத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் பெரிய அட்டை இரண்டு. இப்படிக் கட்டச் சொன்னால் மூலை நசுங்காது. வெளிநாட்டிலிருந்து என்றால் அச்சிட்ட புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் வந்த 5 சதவீதச் சுங்கமும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேரும் என்று கணக்குப் போடுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு விஷயம். ஒரு மாநில அரசு ஒரு நூலைப் பறிமுதல் என அறிவித்தால், இந்தியாவில் எங்கே இருந்தாலும் அந்தப் பிரதியைப் போலீஸ் எடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 95, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் பிரிவு 98. 2025 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரில் இப்படி 25 நூல்கள் அறிவிக்கப்பட்டன, ஏ.ஜி. நூரானி, விக்டோரியா ஸ்கோஃபீல்டு, சுமந்திரா போஸ் ஆகியோரின் நூல்களும் அதில் உண்டு. ஆனால் 'தடை செய்த புத்தகம்' என்று சொல்லி விலை ஏற்றுவது தனி வியாபாரம். ஜஸ்வந்த் சிங் ஜின்னா பற்றி எழுதியதற்கு 2009இல் குஜராத் போட்ட தடையை உயர் நீதிமன்றம் சில வாரங்களிலேயே ரத்து செய்தது. சிவாஜி பற்றிய ஜேம்ஸ் லெய்னின் நூலுக்கான தடை 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போய் விழுந்தது. இன்று தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேரத்தைத் தொடருங்கள். இன்னொன்று: ராணுவப் பயிற்சிக் கையேடு, 'ரெஸ்ட்ரிக்டட்' முத்திரை போட்ட தாள் கட்டு போன்றவை எடைக்கடையில் சிக்கினால், எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் தொடாதீர்கள். 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த புத்தகத்தை நேரே அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு பிரதியில் இருக்கும் இராமபாணம் என்ற புத்தகப் பூச்சி ஒரு மழைக்காலத்தில் அடுக்கு முழுவதும் பரவிவிடும். பக்கங்களில் குண்டூசித் துளை, இடுக்கில் மாவு போன்ற தூள் தெரிந்தால் காற்று நீக்கிய பாலித்தீன் பையில் இறுக மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே விட்டு அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோக்கும். பூஞ்சணம் வேறு சிகிச்சை: முகக்கவசத்தோடு வெளியில் வைத்து, முதலில் நன்றாக உலரவிட்டு, பிறகுதான் மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும். ஈரத்தில் துடைத்தால் கறை உள்ளே இறங்கும். வெயிலில் காயப்போட்டால் தாள் முறுகும். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டாம், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பழைய கையேடுகளின் துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பின்பக்கம் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளையில் பருத்தி நூல் கோத்துக் கட்டிவிடுங்கள்.

இந்தத் துறைப் புத்தகங்களில் மட்டும் அடிக்கடி காணும் ஒன்று உண்டு: பழைய சொந்தக்காரர் உள்ளே செருகி வைத்த செய்தித்தாள் நறுக்குகள். மதிப்புரை, ஆசிரியரின் இரங்கல் செய்தி, ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் தலையங்கம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், உள்ளேயே விட்டும் வைக்காதீர்கள். செய்தித்தாளின் அமிலம் எதிர்ப் பக்கத்தில் பழுப்பு நிழலாகப் பதியும். எடுத்து ஓர் உறையில் போட்டு, எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் உறைமேல் எழுதி வையுங்கள்.